சிக்னல், டவர், டேட்டா: கடைக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு சின்ன கொமினிகேஷன், அதாவது தொலைபேசிக் கடை வைத்திருக்கிறேன். ஒரு காலத்தில் வெளிநாட்டுக் கோல் பேச வரிசையில் நிற்பார்கள். இப்போது ரீலோட், போட்டோக்கொப்பி, போன் ரிப்பேர், கூரைமேல் ஆண்டெனா பொருத்துவது என்று வண்டி ஓடுகிறது. உயர்தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கிற பிள்ளைகளும் புத்தகத்தோடு வந்து நிற்பார்கள். ஒரே கேள்விக்கு ஒரு நாளில் நாலு தடவை பதில் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதினேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

தரவுத் தொடர்பாடல்னா என்ன அண்ணே? பரீட்சைக்கு எழுதுற மாதிரி சொல்லுங்க.

ஓரிடத்தில் இருக்கும் தகவலை, இரண்டு பக்கமும் முன்கூட்டியே ஒத்துக்கொண்ட முறையில், ஓர் ஊடகம் வழியாக இன்னோரிடத்தில் சேர்ப்பது. அனுப்புபவர், பெறுபவர், செய்தி, ஊடகம், நெறிமுறை என்று ஐந்தையும் எழுதினால் புள்ளி கிடைக்கும்.

விளங்க வேண்டுமென்றால் தப்பு மேளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தாத்தா காலத்தில் தேயிலைத் தோட்டத்தில் விடிவதற்கு முன்னே பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூட்டுவதற்கு, தப்பு அடிப்பார்கள். அடிப்பவர் அனுப்புபவர், லயத்து வரிசை வீட்டில் கம்பளிக்குள் சுருண்டு கிடப்பவர் பெறுபவர், காற்று ஊடகம், ‘எழும்பு, வேலைக்குப் புறப்படு’ என்பது செய்தி. பெரட்டுத் தப்பும் சாவுத் தப்பும் ஒரே தோலில்தான் விழும், அடிதான் வேறு. எந்த அடிக்கு என்ன அர்த்தம் என்று தோட்டத்துக்கே தெரிந்திருந்ததல்லவா, அதற்குப் பெயர்தான் நெறிமுறை. அது தெரியாமல் வெளியூரிலிருந்து வந்தவருக்கு இரண்டும் வெறும் சத்தம்.

செய்தி ஒளிந்திருப்பது ஓர் அடிக்கும் இன்னோர் அடிக்கும் உள்ள வித்தியாசத்தில். செம்புக் கம்பி, ஒளிநார், ரேடியோ அலை எதை எடுத்தாலும் கேட்கிற பக்கம் அந்த வித்தியாசத்தைப் பிரித்தறிகிறதா என்பதுதான் கேள்வி. கீழே உள்ள பதில்கள் பாதிக்கு மேல் இதைத்தான் சுற்றி வரும்.

அனலொக், டிஜிட்டல் ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ஒப்புமைச் சமிக்ஞை, அதாவது அனலொக், வழுக்கிக்கொண்டே ஏறி இறங்கும். இடையில் எந்த அளவிலும் நிற்கும். இலக்கமுறைச் சமிக்ஞைக்குப் படிகள் உண்டு. மிக எளியதில் இரண்டே படி: 0, 1.

அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982இல் தொடங்கியபோது 2,524 மீற்றர் உயரத்துப் பிதுருதலாகலையிலிருந்து அலை வந்தது. பிறகு டிவி வந்த லயங்களில் நடந்த கூத்து வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒருவர் கூரையில் மூங்கிலைத் திருப்புவார், உள்ளே இருந்து ஒருவர் “இன்னும் கொஞ்சம்... ஆ, நில்லு... ஐயோ போச்சு!” என்று கத்துவார். அலை மெலிந்தால் படத்தில் புள்ளி விழும், நிழல் இரட்டிக்கும், ஆனாலும் ஆள் யார் என்று தெரியும். இப்போதுள்ள டிஷ் டிவியில் படம் கண்ணாடி மாதிரி இருக்கும். மழை கனத்தால் கட்டம் கட்டமாக உடையும். அடுத்த நிமிடம் ஒன்றுமே இல்லை. 0 எது, 1 எது என்று பெட்டியால் பிரிக்க முடிகிறவரை ஒரு குறையும் கண்ணுக்குத் தெரியாது. பிரிக்க முடியாத எல்லையைத் தாண்டினால் மொத்தமாகப் போய்விடும்.

இதில் பெரிய இலாபம் வழியில் உள்ளது. அனலொக் அலையை இடையில் பெருக்கினால் அதில் சேர்ந்த இரைச்சலும் சேர்ந்தே பெருகும். டிஜிட்டலில் இடையில் உள்ள கருவி ‘இது 1’ என்று முடிவுசெய்து புதிதாக ஒரு சுத்தமான 1ஐ எழுதி அனுப்பிவிடும். பழைய அழுக்கு அங்கேயே நின்றுவிடும்.

நாலு கட்டமும் இருக்கு, ஆனா ஒன்னும் திறக்குதில்லையே?

கடையில் அதிகம் கேட்ட கேள்வி இதுதான்.

கட்டம் காட்டுவது டவரின் குரல் உங்கள் போனுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை மட்டும். அதே டவரை எத்தனை பேர் பங்குபோடுகிறார்கள், டவருக்குப் பின்னால் போகும் இணைப்பு எவ்வளவு அகலம், பக்கத்து டவர் எவ்வளவு குறுக்கே கத்துகிறது என்பதெல்லாம் கட்டத்தில் வராது. தீபாவளிக்கு முதல் நாள் டவுன் பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள். கட்டம் நிரம்பி வழியும், ஒரு படம் போகாது.

கட்டத்தை விட்டுவிட்டு போன் செட்டிங்கில் சிக்னல் வலிமை என்று டிபிஎம் என்கிற டெசிபெல் கணக்கில் ஓர் எண் இருக்கும், அதைப் பாருங்கள். கழித்தல் குறியோடு வரும். 4ஜியில் −80 என்றால் சௌகரியம், −110 என்றால் தள்ளாட்டம். இரண்டுக்கும் இடையில் 30தானே என்று நினைக்காதீர்கள். டெசிபெல் கணக்கில் 3 குறைந்தால் பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒன்று, 30 குறைந்தால் ஆயிரத்தில் ஒன்று.

வேகத்துக்கு உச்சவரம்பு உண்டு என்று 1948இல் குளோட் ஷனன் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் கணக்குப் போட்டுக் காட்டினார். அதைத் தீர்மானிப்பவை இரண்டு: பட்டையகலம் (அலைக்கு ஒதுக்கிய பாதையின் அகலம்), சமிக்ஞை இரைச்சலைப் போல எத்தனை மடங்கு என்பது. 20 மெகாஹேர்ட்ஸ் அகலம், சமிக்ஞை இரைச்சலைப் போல 100 மடங்கு என்றால் செக்கனுக்கு ஏறத்தாழ 133 மெகாபிட் வரை போகலாம். இரைச்சல் ஏறி இரண்டும் சமமானால் அதே 20 மெகாஹேர்ட்ஸில் 20 மெகாபிட்தான். பாதை அகலம் அப்படியே இருக்கிறது, கேட்பதுதான் கஷ்டமாகிவிட்டது.

மேட்டுக்கு ஏறினா மூனு கட்டம், லயத்துக்கு இறங்கினா ஒன்னுமில்ல. டவர் ரெண்டு கிலோமீற்றர்தானே அண்ணே?

சமவெளிக்காரருக்குத் தூரம் கணக்கு. நமக்கு இடையில் என்ன நிற்கிறது என்பதுதான் கணக்கு. போன் அலை பெரும்பாலும் நேராகவே போகும். மலை குறுக்கே நின்றால் விளிம்பில் கொஞ்சம் வளைந்து இறங்கும், அவ்வளவுதான். எவ்வளவு வளையும் என்பது அலைநீளத்தைப் பொறுத்தது. 900 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 33 சென்ரிமீற்றர், 1800இல் 17, 2600இல் பதினொன்றரை. நீளமான அலை நன்றாக வளையும். அதனால்தான் வேகமான பட்டை எட்டாத பள்ளத்திலும் பழைய 2ஜியில் கோல் மட்டும் கிடைக்கிறது.

பள்ளத்துக்கு வந்துசேர்ந்த மிச்சத்தையும் தகரக் கூரை தடுத்துவிடும். உலோகத்தில் பட்ட அலை உள்ளே வராமல் திரும்பிப் போகும். 2020, 2021இல் பள்ளிக்கூடம் மூடியிருந்தபோது பிள்ளைகள் பாடத்துக்காகப் பாறை ஏறி உட்கார்ந்தது இதனால்தான்.

எங்கள் பக்கத்து லயம் ஒன்றில் ‘கோல் எடுக்கிற கல்’ என்றே ஒரு கல் இருக்கிறது, துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே. அதில் ஏறி நின்றால் பேசலாம், இரண்டடி தள்ளினால் போச்சு. சாமி இருக்கிறது என்றுகூட ஒரு ஆச்சி சொன்னார். விஷயம் இதுதான்: நேராக வரும் அலையும் எதிர் மலையிலோ தகரத்திலோ பட்டுத் திரும்பும் அலையும் அங்கே ஒன்றோடொன்று கூடுகின்றன. ஏற்றமும் ஏற்றமும் சேர்ந்த இடத்தில் பலம், ஏற்றமும் இறக்கமும் சேர்ந்த இடத்தில் இரண்டும் அழிந்துபோகும். 1800 மெகாஹேர்ட்ஸில் ஒரு சாணுக்குள்ளேயே இப்படி மாறும். ஆகவே ரவுட்டரை அலுமாரி மேல் வைத்துவிட்டு அதுதான் விதி என்று இருக்காதீர்கள். ஜன்னலோரம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, மேலே சொன்ன எண்ணைப் பார்த்து வையுங்கள்.

மூடுபனி இறங்கினா சிக்னல் போயிடுமா?

போன் சிக்னலுக்கு மூடுபனி ஒரு பொருட்டே இல்லை. அலைநீளம் சாண் கணக்கில் இருக்கிறது. பனித்துளியோ ஒரு மில்லிமீற்றரில் நூறில் சில பங்கு. டிஷ் டிவியின் கதை வேறு. அதன் அலை 10 கிகாஹேர்ட்ஸுக்கு மேல், நீளம் இரண்டரை சென்ரிமீற்றர் அளவு. பெருமழையின் துளிகள் அதை உறிஞ்சும், சிதறடிக்கும். பனி மூடிய நாளில் போனும் செத்துப்போனால் கரண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். டவரும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது.

16 எம்பி கனெக்‌ஷன்னு சொன்னாங்க, 2 எம்பிதான் இறங்குது. ஏமாத்திட்டாங்களா?

இல்லை. விற்பது மெகாபிட்டில், போன் காட்டுவது மெகாபைட்டில். 8 பிட் ஒரு பைட். 16ஐ 8ஆல் வகுத்தால் 2. அதற்கும் கீழே இறங்கினால் சண்டைக்குப் போங்கள்.

கோல் உடைஞ்சு உடைஞ்சு கேக்குது. அதே இடத்துல வொய்ஸ் மெசேஜ் மட்டும் முழுசா வருதே?

இணையத்தில் எதுவும் முழுதாகப் போவதில்லை. துண்டு துண்டாக, பொதிகளாகப் போகும். ஒரு பொதி அதிகபட்சம் 1500 பைட் என்று வைத்தால் 3 மெகாபைட் படத்துக்கு ஏறத்தாழ 2,000 பொதி. ஒவ்வொன்றிலும் போகவேண்டிய முகவரியும் வரிசை எண்ணும் இருக்கும். முன்பின்னாக வந்தாலும் இலக்கத்தைப் பார்த்து அடுக்கிக்கொள்ளலாம்.

வொய்ஸ் மெசேஜில் ஒரு பொதி தொலைந்தால் ‘438ஆவது வரவில்லை, திரும்ப அனுப்பு’ என்று போன் கேட்கும். தாமதமாகும், ஆனால் முழுதாக வரும். நேரடிக் கோலில் அப்படிக் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. அம்மா “சாப்பிட்டியா” என்று கேட்டதில் ‘ட்டி’ தொலைந்தால், மூன்று செக்கன் கழித்து அந்த ‘ட்டி’ வந்து என்ன பயன்? தொலைந்ததை விட்டுவிட்டு அடுத்ததை வாசிக்கும். அதைத்தான் நீங்கள் உடைகிறது என்கிறீர்கள். சிக்னல் மோசமான இடத்திலிருந்து கத்திக் கத்திக் கூப்பிடாமல் பேசி அனுப்பிவிடுங்கள்.

தமிழ்ல எஸ்எம்எஸ் அனுப்பினா மட்டும் ஏன் ரெண்டு மெசேஜுக்குக் காசு வெட்டுறாங்க?

எனக்குப் பிடித்த கேள்வி. பதிலும் கொஞ்சம் நீளம்.

ஓர் எஸ்எம்எஸ்ஸில் இடம் 140 பைட், அதாவது 1,120 பிட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும். 1,120ஐ 7ஆல் வகுத்தால் 160 எழுத்து. தமிழ் அந்த 7 பிட் அட்டவணையில் இல்லை. அதனால் ஒவ்வொரு குறிக்கும் 16 பிட் கொடுக்கிறார்கள். 1,120ஐ 16ஆல் வகுத்தால் 70.

அந்த 70உம் நம் கணக்கில் 70 எழுத்து இல்லை. ‘கொழுந்து’ என்பது நமக்கு நாலெழுத்து: கொ, ழு, ந், து. போனுக்கு அது எட்டு: க, ஒகரக் குறி, ழ, உகரக் குறி, ந, புள்ளி, த, உகரக் குறி. ‘மலையகம்’ நமக்கு ஐந்து, போனுக்கு ஏழு. செய்தி முழுக்க ஆங்கிலமாக இருந்து நடுவில் ஒரே ஒரு தமிழ் எழுத்து விழுந்தாலும் மொத்தமும் 16 பிட்டுக்கு மாறி 70 ஆகிவிடும். நீளச் செய்தியை வெட்டி ஒட்டினால் ஒட்டுக் குறிப்புக்கும் இடம் வேண்டும். அப்போது துண்டுக்கு 67தான்.

இந்த முறை போட்டவர்கள் தமிழை நினைத்துப் போடவில்லை என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் கம்பெனிக்காரன் திருடுகிறான் என்று கடையில் வந்து சத்தம் போட்டால் நான் என்ன செய்ய?

வழியில பிட் மாறிப்போனா போனுக்கு எப்படித் தெரியும்?

தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் ஒவ்வொருவர் கொழுந்தையும் நிறுத்துக் கணக்கில் எழுதுவார்கள். லொறி ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குப் போனதும் மொத்தமாக நிறுப்பார்கள். தனித்தனிக் கணக்கைக் கூட்டினால் வருவதும் மொத்த நிறையும் ஒத்துப்போகாவிட்டால் எங்கேயோ பிழை. (தண்ணிக்கும் சாக்குக்கும் கழிக்கிற கதையை இங்கே இழுக்க வேண்டாம், அது விடிய விடியப் போகும்.)

பிட்டுக்கும் அதே வித்தைதான். ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்துக்கு எண் 65, இரும முறையில் 1000001. அதில் 1கள் இரண்டு, இரட்டைப்படை. ‘எப்போதும் இரட்டையாக இருக்கவேண்டும்’ என்று ஒத்துக்கொண்டால் கடைசியில் 0 ஒன்றைச் சேர்த்து அனுப்புவார்கள். அதுதான் சமநிலை பிட். வழியில் ஒரு பிட் புரண்டால் 1கள் ஒற்றைப்படையாகும், பிடிபட்டுவிடும். இரண்டு பிட் புரண்டால் மறுபடி இரட்டை, ஏமாந்துபோகும். அதனால் நிஜத்தில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான, பிட்களை வகுத்து வரும் மீதியைச் சேர்த்து அனுப்பும் சுழல் மிகைச் சோதனையைப் பயன்படுத்துகிறார்கள்.

ஒரே கம்பியில ரெண்டு பேர் ஒரே நேரம் பேசினா மோதாதா?

முதலில் பரீட்சைப் பதில். வானொலி ஒருவழி. வோக்கிடோக்கி அரை இருவழி. ஒருவர் ‘ஓவர்’ சொன்னால்தான் மற்றவர் பேசலாம். தொலைபேசி முழு இருவழி.

பலர் ஒரே பாதையைப் பங்குபோட்டால் யாருக்கு முறை என்று தீர்க்க வேண்டும். அதைப் பார்க்க ஸ்டேஷனுக்குப் போங்கள். மலைநாட்டுப் பாதை ஒற்றைத் தண்டவாளம். ரயில் வேகம் குறைத்து வரும்போது ஸ்டேஷன்காரர் ஒரு பெரிய வளையத்தைத் தூக்கிப் பிடிப்பார். வளையத்தில் தோல் பை, பைக்குள் ஓர் உலோக வட்டு. எஞ்சினில் இருப்பவர் கையை வளையத்துக்குள் விட்டு வாங்கிக்கொண்டு, தன்னிடம் இருந்ததை வீசுவார். அந்த வட்டுக்குப் பெயர் டெப்லட். இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே உள்ள துண்டுக்கு இரண்டு முனையிலும் இயந்திரம் உண்டு, மின்கம்பியால் பிணைத்தது. ஒரு வட்டு வெளியே வந்துவிட்டால் அது திரும்பி உள்ளே போகும்வரை இரண்டு இயந்திரமும் இன்னொன்றைத் தராது. வட்டு கையில் இல்லாமல் ரயில் அந்தத் துண்டுக்குள் நுழையக்கூடாது.

கணினி வலையில் இதே யோசனைக்கு டோக்கன் ரிங் என்று பெயர். டோக்கன் யாரிடமோ அவர்தான் பேசலாம். கணினிகளைக் கம்பியால் இணைக்கும் பழைய ஈதர்நெட் வேறு வழியில் போனது. பாதை அமைதியாக இருக்கிறதா என்று காது கொடு, பேசு, மோதினால் நிறுத்திவிட்டு ஆளுக்கொரு நேரம் காத்திருந்து மறுபடி பேசு. ரயிலுக்கு இந்த முறையைச் சிபாரிசு செய்யமாட்டேன்! வைஃபையும் முதலில் காது கொடுத்துத்தான் பேசுகிறது. ஒரு அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர் என்பதால்தான் வீட்டில் ஆறு போன் சேர்ந்ததும் இழுக்கிறது.

செம்புக் கம்பி லைனைவிட ஃபைபர் ஏன் நல்லது?

செம்பில் தூரம் கூடக் கூட மின் சமிக்ஞை தேயும், உயர் மீடிறன்கள், அதாவது செக்கனுக்கு அதிக தடவை அதிர்பவை, முதலில் தேயும். செம்புத் தொலைபேசிக் கம்பியில் வரும் ஏடிஎஸ்எல் இணையம் ஏறத்தாழ 5 கிலோமீற்றருக்கு மேல் மூச்சு வாங்கும். மலைக்கு அந்தப் பக்கம் நேரே ஒரு கிலோமீற்றரில் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் இருக்கும். கம்பி ரோட்டோரமாக வளைந்து வளைந்து நாலு கிலோமீற்றர் வரும். வேகம் அந்த நாலுக்குத்தான்.

ஒளிநாரில் 1550 நனோமீற்றர் ஒளி கிலோமீற்றருக்கு 0.2 டெசிபெல்தான் இழக்கிறது. 15 கிலோமீற்றர் போனாலும் பாதி மிச்சம். கண்ணாடியைச் சுத்தப்படுத்தினால் இது நடக்கும் என்று 1966இலேயே கட்டுரை எழுதிய சார்ல்ஸ் காவோவுக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. நமக்கு இன்னொரு நன்மை இடி. ஐப்பசி மாலைகளில் செம்புக் கம்பி வழியாக மின்னல் உள்ளே வந்து ரவுட்டரைச் சுட்டுப்போட்டதை வாரம் ஒன்றாவது பார்த்திருக்கிறேன். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. ஆனால் அதை ஆணியில் மடித்துக் கட்டாதீர்கள். கூர்மையாக வளைந்த இடத்தில் ஒளி வெளியே கசிந்துவிடும்.

செட்டலைட் இன்டர்நெட் போட்டா மலைப் பிரச்சினையே இல்லையாமே?

தலைக்கு மேல் மலை இல்லை, சரிதான். ஆனால் எந்தச் செட்டலைட் என்று கேளுங்கள். பூமியோடு சேர்ந்து சுற்றி ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரிவது 35,786 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கிறது. தொடர்பாடலுக்கு அதைப் பயன்படுத்தலாம் என்று 1945இல் எழுதியவர், பிற்பாடு இலங்கையிலேயே குடியிருந்து 2008இல் இங்கேயே காலமான விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். ஒளியின் வேகத்தில் போனாலும் ஏறி இறங்கக் கால் செக்கன். கேட்டுப் பதில் வர அரைச் செக்கன். படம் பார்க்கலாம், பேசினால் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பேசுவீர்கள். 550 கிலோமீற்றர் அளவில் கூட்டமாகச் சுற்றுபவற்றில் இந்தத் தாமதம் இல்லை. வேகமும் தாமதமும் வேறு வேறு என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

பழைய ரேடியோவில ராத்திரியில மட்டும் இந்தியா ஸ்டேஷன் எப்படி எடுக்குது?

பேச்சை அப்படியே அலையாக அனுப்ப முடியாது. உயர் மீடிறன் அலை ஒன்றின்மேல் ஏற்ற வேண்டும். அதுதான் பண்பேற்றம். அலையின் வீச்சத்தை, அதாவது உயரத்தை, ஆட்டினால் ஏஎம், மீடிறனை ஆட்டினால் எஃப்எம். ஏஎம் மத்திய அலையைப் பகலில் வானத்தில் உயரே மின்னேற்றத்தோடு இருக்கும் அயன மண்டலத்துக் கீழ் அடுக்கு விழுங்கிவிடும். இரவில் அந்த அடுக்கு மங்கிப்போக, மேலடுக்கில் பட்டு அலை தூரத்தில் வந்து இறங்கும். எஃப்எம் மேலே போனால் திரும்பாது, விண்வெளிக்கே போய்விடும்.

பூஸ்டர் ஒன்னு வாங்கிப் போட்டா சரியாகுமா அண்ணே?

ரேடியோ அலை வெளியிடும் கருவிக்கு 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்கீழ் அனுமதி வேண்டும். ஒன்லைனில் வாங்கும் பூஸ்டருக்கு அது இருக்காது. தவிர, அது சிக்னலோடு இரைச்சலையும் பெருக்கும், மோசமாகப் போனால் டவரையே குழப்பி ஊருக்கே தொல்லை தரும். நான் விற்பதில்லை.

வெளியே பொருத்தும் திசை ஆண்டெனாவோடு ரவுட்டர் போடலாம். டவர் கண்ணுக்குத் தெரிந்தால் நல்ல பலன். ஆனால் தெரிவது மட்டும் போதாது என்று நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 5 கிலோமீற்றர் தள்ளி இருந்த டவருக்கு ஒரு வீட்டில் ஆண்டெனா திருப்பினேன். பங்குனி மாதம், நடுவில் இருந்த முகட்டில் சவுக்கு மரங்களைக் கொப்பு வெட்டி மொட்டையாக நிறுத்தியிருந்தார்கள். எண் −84. அந்த அக்கா எனக்குப் பிளேன்டீயும் ரொட்டியும் தந்தார். ஆடி மழையில் கூப்பிட்டார்: “தம்பி, காசை வாங்கிட்டுப் போனீங்க, இப்ப ஒன்னுமே இல்ல.” போய்ப் பார்த்தால் டவர் முன்போலவே கண்ணுக்குத் தெரிகிறது, எண் −103. கொப்பெல்லாம் துளிர்த்து, ஈர இலை பார்வைக் கோட்டுக்குக் கீழேவரை ஏறியிருந்தது. அலை நூல் பிடித்த மாதிரி போவதில்லை. வெள்ளரிக்காய் வடிவில் நடுவில் பருத்துப் போகும். 1800 மெகாஹேர்ட்ஸில் 5 கிலோமீற்றருக்கு நடுவில் அதன் ஆரம் 14 மீற்றர். அந்த வயிற்றுக்குள் மரம் நுழைந்தால் டவர் தெரிந்தும் பயனில்லை.

கம்பத்தை மூன்று மீற்றர் உயர்த்திக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. கொஞ்சம் தேறியது. இப்போது யாராவது ஆண்டெனாவுக்குக் கூப்பிட்டால், நடுவில் நிற்கும் சவுக்கை எந்த மாதம் வெட்டுவார்கள் என்று தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் கேட்டுவிட்டுத்தான் ஏணியைத் தூக்குகிறேன்.